பூநாரையும் எம்பி4-உம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரம் முழுக்க ஷிஃப்ட் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு வண்டியை விடுகிறீர்கள். ஏரியில் பூநாரைக் கூட்டம். செல்போனில் அரை நிமிட வீடியோ. தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றுகிறது. அங்கேதான் சிக்கல்! அதற்கான படக்கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4-ஐ ஏற்காது. வெப்எம் மாதிரி திறந்த வடிவம்தான் வேண்டும். நம் போன்களோ பெரும்பாலும் எம்பி4-ல்தான் பதிவு செய்கின்றன.

வெறும் பிடிவாதம் இல்லை இது. எம்பி4-க்குள் வழக்கமாக இருக்கும் எச்.264 நுட்பம் காப்புரிமைகளுக்கு உட்பட்டது. விதியைத் தளர்த்தலாமா என்று 2014-ல் கேட்டபோது, விக்கி பங்களிப்பாளர்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள்.

கூகுள் 2010-லேயே வெப்எம்மை இலவசமாகக் கொடுத்துவிட்டதே, பிறகு ஏன் போனுக்குள் வரவில்லை? சிப்தான் முக்கியக் காரணம். எச்.264-க்கென போன் சிப்பிலேயே தனிச் சுற்று உண்டு. பேட்டரியை அதிகம் தின்னாது. 2018-ல் வந்த ஏவி1-க்கு அப்படியொரு சுற்று ஐபோனில் இடம்பிடிக்க 2023 ஆனது. அதுவும் பார்ப்பதற்கு மட்டும்!

உங்கள் வீடியோவை மாற்றி ஏற்றித் தர ‘வீடியோ2காமன்ஸ்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. கொஞ்சம் பொறுமை வேண்டும். பூநாரைகள் குளிர்காலத்தில்தான் கூட்டமாக வரும், அதற்குள் பழகிக்கொள்ளுங்கள்.