குறி பார்த்துத்தானே அடிக்கிறோம்?

ஈட்டி மீன்பிடிப்பைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், ஒரே பதில் ரெடியாக வந்து விழும். "நாங்க என்ன வலை போட்டு வாரி அள்ளுறோமா? ஒரு மூச்சு, ஒரு ஈட்டி, ஒரு மீன். வேணுங்கிறதை மட்டும் குறி பார்த்து அடிக்கிறோம். இதைவிட யோக்கியமான மீன்பிடிப்பு உண்டா?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும் கூட. இழுவை வலை அடிமடியில் கிடப்பதையெல்லாம் சுரண்டிக்கொண்டு வரும். அறுந்த வலை கடலில் கிடந்து வருஷக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். ஈட்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒத்துக்கொள்ளலாம். ஆனால் மீதிப் பாதி சுத்த ஜல்லி!

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கே நாலு நண்பர்கள் சேர்ந்து சனிக்கிழமை படகெடுத்தால் முதல் குறி 'கோரல் டிரவுட்' என்கிற சிவப்பு மீன். பெயரில்தான் டிரவுட். உண்மையில் அது நம் சந்தைகளில் கலவா என்று விற்கிற மீன்களின் குடும்பம். வெள்ளைச் சதை, முள் குறைவு, ருசி அதிகம். குவீன்ஸ்லாந்தில் இதற்குக் குறைந்தபட்ச நீளம் 38 செ.மீ. ஒருவர் கையில் 7 மீனுக்கு மேல் இருக்கக் கூடாது.

இப்போது ஒரு எளிய இயற்பியல் கேள்வி. முகமூடிக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்த்தால் எந்தப் பொருளும் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அதாவது 30 செ.மீ. மீன் 40 செ.மீ. மாதிரி தெரியும். தூண்டில்காரர் தப்பாகப் பிடித்துவிட்டால் அளந்து பார்த்துத் திரும்ப விட்டுவிடலாம். ஈட்டிக்காரர்? அவர் அளவுகோலை எடுக்கும்போது மீன் செத்திருக்கும். குறி பார்த்து அடிப்பவருக்கு மட்டும்தான் தப்பைத் திருத்திக்கொள்ள வழியே இல்லை. இதுதான் அந்த 'யோக்கியமான' முறையின் முதல் ஓட்டை.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. தேர்ந்தெடுத்து அடிக்கிறோம் என்கிறார்களே, எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? இருப்பதிலேயே பெரிய மீனை! படகில் ஏறியதும் போட்டோ, "யாரோடது பெருசு" என்கிற போட்டி. கோரல் டிரவுட் பெண்ணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்தபின் ஆணாக மாறும் மீன். பெரியதாகப் பார்த்து அடித்தால் விழுவது பெரும்பாலும் ஆண். ஆணாக மாறாமல் பெரிதாக வளர்ந்த பெண் விழுந்தால் நஷ்டம் வேறு வகை. ஒரு பெரிய தாய் மீன் இடுகிற முட்டை, அதே எடைக்குச் சேரும் பல சின்ன மீன்கள் இடுவதைவிட அதிகம். வலை கண்ணை மூடிக்கொண்டு எல்லா அளவிலும் எடுக்கிறது. ஈட்டி கண்ணைத் திறந்துகொண்டு, திட்டைக்கு அதிகம் தேவைப்படுவதையே எடுக்கிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

"நாலு பேர் போய் அடிக்கிறதால கடல் வத்திடுமா?" என்பது அடுத்த கேள்வி. கடல் வற்றாது. ஆனால் அந்த நாலு பேர் போவது படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற அதே திட்டைக்குத்தான். அடுத்த வாரம் வேறு நாலு பேர். திட்டை மீன்களோ வீட்டை விட்டு அதிகம் நகராதவை. 2004-இல் பெருந்தடுப்புத் திட்டைப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்கை மீன்பிடிப்பே கூடாத பச்சை மண்டலமாக அறிவித்தார்கள். அதன்பிறகு கணக்கெடுத்தபோது பச்சை மண்டலத்துக்குள் கோரல் டிரவுட் கூடியிருந்தது. அப்படியென்றால் வெளியே அதைக் குறைத்துக்கொண்டிருந்தது யார்? சுறாவா? வணிகப் படகுகளுக்கு அதில் பங்கு உண்டு. வார இறுதிப் படகுகளுக்கும் உண்டு.

நியூ சவுத் வேல்ஸில் நடந்ததையும் பார்க்கலாம். நீலக் குரோப்பர் அந்த மாநிலத்தின் சின்ன மீன். மனிதரைக் கண்டால் பயப்படாமல் கூடவே நீந்தி வரும். அதை ஈட்டியால் அடிக்க 1969 முதலே தடை. அப்படியிருந்தும் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி சிட்னியின் குரோனல்லா பக்கம், ஊரே 'கஸ்' என்று பெயர் வைத்துக் கொஞ்சிய ஒரு குரோப்பரை ஒருவர் அடித்துக்கொண்டு கரையேறினார். அதற்கு வயது சுமார் 40 என்றார்கள். தண்டனை? 800 டாலர் அபராதம்! நாற்பது வருஷம் வளர்ந்தது ஒரே நொடியில் போயிற்று. நம்பிப் பக்கத்தில் வந்த மீனை அடிக்க என்ன வீரம் வேண்டும்?

சரி, சாப்பாட்டுக்காக என்றால் அங்கேயும் பெரிய மீன் புத்திசாலித்தனமான தேர்வு இல்லை. சிகுவாடெரா என்கிற நஞ்சு திட்டைப் பாசியில் வாழும் நுண்ணுயிரில் தொடங்கி, மீனை மீன் தின்னத் தின்ன மேலே ஏறிப் பெரிய வேட்டை மீன்களில் சேர்கிறது. வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது. ருசியிலோ மணத்திலோ தெரியாது. தட்டில் அடங்குகிற மீனைத் தின்றவர் நிம்மதியாகத் தூங்கலாம். போட்டோவுக்கு நின்ற மீனைத் தின்றவருக்கு அந்த உத்தரவாதம் கொஞ்சம் குறைவு.

கடைசியாக நண்பர்கள். மூச்சடக்கி இறங்குபவர் நிறைய தடவை வேகமாக மூச்சு வாங்கிவிட்டு இறங்கினால் உடம்பில் கரியமில வாயு குறையும். மூச்சு முட்டுகிற எச்சரிக்கை தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, மேலே வரும்போதே மயக்கம் வரும். அதனால்தான் ஒருவர் கீழே, ஒருவர் மேலே என்கிற விதி. பெரிய மீனுக்குப் போட்டி வந்துவிட்டால் இரண்டு பேரும் கீழே! பிறகு யார் யாரைப் பார்ப்பது?

ஈட்டியே பிடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குவீன்ஸ்லாந்துச் சட்டமே மூச்சடக்கி அடிப்பவரை அனுமதித்து, சிலிண்டர் மாட்டி அடிப்பவரைத் தடுக்கிறது. அந்த ஒரு மூச்சுதான் மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே இருக்கிற நியாயம். அந்த நியாயத்தை முழுசாகக் கடைப்பிடித்தால் போதும். சந்தேகமான அளவென்றால் அடிக்காதே. பாசியை மேய்ந்து திட்டையைச் சுத்தமாக வைக்கிற கிளிமீனைத் தொடாதே. முட்டையிடுகிற அக்டோபர், நவம்பர் அமாவாசைத் தடை நாட்களில் வீட்டில் இரு. எல்லாவற்றிலும் பெரியது எதிரே வந்தால் விலகி வழி விடு.

குறி பார்க்கத் தெரிந்தவர் என்றால் எதை அடிக்கக் கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர் கையில் ஈட்டியும் இழுவை வலையும் ஒன்றுதான். வலையாவது குறி பார்த்துத்தான் அடித்தேன் என்று பெருமை பேசாது!