துருவின் மேல் போட்ட பழி

தோட்ட வேலையில் கை கிழிந்தால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "துருப்பிடிச்ச இரும்பா?" என்பதுதான். இல்லை, ரோஜா முள் என்றால் எல்லோருக்கும் நிம்மதி. காயத்தில் காப்பித்தூளை அப்பிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். டெட்டனஸ் ஊசி ஆணிக்கும் பிளேடுக்கும் மட்டும்தான் என்று யார் எழுதிய தீர்ப்போ!

துரு வெறும் வேதிப்பொருள். அதற்கும் டெட்டனஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நோயைத் தருவது கிளாஸ்டிரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா. 1889இல் ஜப்பானிய விஞ்ஞானி கிடசாட்டோ இதைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். காற்று பட்டால் வளராத கிருமி இது. ஆனால் இதன் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் முளைத்து, நரம்பைத் தாக்கும் நச்சைச் சுரக்கும். ஆணி மாட்டிக்கொண்டதற்குக் காரணம், அது மண்ணில் கிடந்ததும் ஆழமாகக் குத்துவதும்தான். நேற்று வாங்கிய பளபளப்பான கவாத்துக் கத்திரியும் மண்ணோடு கையில் இறங்கினால் அதே கதிதான்.

மாடித்தோட்டக்காரர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வருகிறது. "எங்களுடையது இயற்கை உரம், ரசாயனமே கிடையாது" என்கிறார்கள். ஐயா, தொழுவுரம்தான் இந்த வித்துக்குப் பிறந்த வீடு. அதை வெறுங்கையால் பிசையும்போது ஒரு முள் நுனி ஒடிந்து விரலுக்குள் தங்கிவிடுகிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மாலைக்குள் துளையும் மூடிவிடும். ரத்தம் கொட்டிய காயத்துக்குப் பதறும் நாம், இதை மறந்தேபோகிறோம்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மூடநம்பிக்கை: ஊசி ஆறு மாதம்தான் தாங்குமாம். கீறலுக்கெல்லாம் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்கிறார்கள். அடிக்கடி போட்டால் கை வீங்குவதுதான் மிச்சம். தவணைகளை முழுமையாக முடித்தவருக்குச் சுத்தமான சிறு காயமென்றால் 10 ஆண்டும், மண் பட்ட காயமென்றால் 5 ஆண்டும் கடந்திருந்தால்தான் மறு ஊசி தேவை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, ஓய்வுபெற்ற பின் மண்வெட்டி பிடித்திருக்கும் பெரியவர்களைப் பற்றித்தான். இந்தியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் 1978இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பெண்கள் பலருக்குக் கர்ப்ப காலத்திலாவது ஊசி கிடைத்தது. ஆண்கள் பலருக்கு அதுவும் இல்லை. இவர்களுக்கு மண் பட்ட காயத்தில் ஒரே ஊசி போதாது; ஆயத்த எதிர்ப்புப்பொருளான இம்யூனோகுளோபுலினும் அடுத்தடுத்த தவணைகளும் வேண்டும். ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தாலும் போடாதவருக்குப் பாதுகாப்பில்லை. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயல்ல, மண்ணிலிருந்து வருவது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை.

காப்பித்தூளைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முள்ளை எடுத்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நேற்றுக் குத்தியது, இனிப் போய் என்ன பயன் என்று விட்டுவிட வேண்டாம். நோய் தலைகாட்டப் பெரும்பாலும் 3 முதல் 21 நாள் ஆகும். தாமதமானாலும் ஊசி போடுவார்கள்.