வேன் வேண்டாம், டவுன் பஸ் போதும்!

மாணவ நண்பர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் டெக்ஸ்டைல் துறையில் ஆண்டுதோறும் நடக்கும் அந்த நான்கு நாள் டூரை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. அடிக்க வராதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.

50 பேர், ஒரு சொகுசு பஸ், ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. போகிற வழியில் ஒரு மில்லில் இறங்குகிறோம். புளோ ரூமில் ஆரம்பித்து ரிங் பிரேம் வரை 40 நிமிஷம். முன்னால் நிற்கும் பத்துப் பேருக்குத்தான் சூப்பர்வைசர் பேசுவது கேட்கும். மெஷின் இரைச்சலில் அவர்களுக்கும் பாதிதான். வாசலில் ஒரு குரூப் போட்டோ. மீதி நாளெல்லாம் மலை, அருவி, மிளகாய் பஜ்ஜி. ஊர் திரும்பியதும் சீனியர் எழுதிய ரிப்போர்ட்டைத் தேதி மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இதற்குப் பெயர் ஐ.வி. அருவியில் குளிக்காதே என்று சொல்ல நான் சாமியார் இல்லை. ஆனால் துணிக்கு டிசைன் போடக் கற்க வந்தவர்களுக்கு இந்த நாலு நாளில் ஒரு கோடாவது கிடைக்கிறதா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

கடந்த ஓராண்டாக நாங்கள் ஏழு பேர் வேறு ஒரு வழியைப் பிடித்திருக்கிறோம். மாதத்தில் ஒரு நாள். காலையில் டவுன் பஸ், சாயங்காலம் வீடு. கையில் ஸ்கெட்ச் நோட்டு, பென்சில், நூல் எண்ணும் கண்ணாடி. அவ்வளவுதான். 2021-இல் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்த பிறகு எங்கள் குழுவில் நான்கு பேருக்குப் பயணச் செலவும் கிடையாது. (மீதி மூன்று பேரின் வயிற்றெரிச்சல் தனிக் கதை.)

முதலில் போனது பவானிக்கு. ஈரோட்டில் படித்துக்கொண்டு ஜமக்காளத்தறியைப் பார்க்காதவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், வெட்கமாக இருக்கும். கல்யாண வீட்டில் விரித்து உட்கார்ந்த பொருள்தானே என்ற அலட்சியம். பாவு கண்ணுக்கே தெரியாதபடி தடித்த ஊடையை நெருக்கி அடிப்பது என்று கிராப் தாளில் நாலு கட்டம் போட்டுப் படித்ததோடு சரி. நேரில் பார்த்தபோதுதான் அந்த நாலு கட்டத்தின் அர்த்தம் புரிந்தது. பாவு மறைந்துவிடுவதால் நிறமெல்லாம் ஊடையின் கையில். நாடாவை மாற்றினால் பட்டை மாறும். எந்தப் பட்டை எவ்வளவு அகலம் என்பது குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவரின் முடிவு. நாங்கள் பார்த்த தறியில் அளவுகோல் இல்லை. விரலை வைத்துப் பார்த்தார், நாடாவை மாற்றினார், அடித்தார்.

கூட்டாளிகளோடு போவதன் லாபம் இங்கேதான் இருக்கிறது. ஒரே தறி முன்னால் ஏழு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் நோட்டுகளை மாற்றிக்கொண்டால் ஏழும் ஏழு விதம். ஒருத்தி துணியையே வரையவில்லை, குழியையும் மிதியையும் கால் கட்டைவிரலையும் வரைந்திருந்தாள். ஒருவன் அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்று எண்ணி எழுதியிருந்தான். இன்னொருத்தி பிடித்ததுதான் எங்கள் எல்லோருக்கும் தப்பிப்போன விஷயம். சிவப்புப் பட்டையில் ஓரிடத்தில் சிவப்பு கொஞ்சம் மங்கல். நூலின் சாயக் கட்டு மாறிய இடம் அது. நம் டெஸ்டிங் லேபில் அதற்குப் பெயர் டிஃபெக்ட். அவள் அதிலிருந்து பன்னிரண்டு சிவப்புகள் ஒன்றில் ஒன்று கரையும் ஒரு விரிப்பு டிசைன் போட்டாள். தனியாகப் போயிருந்தால் எனக்கு என் கண் பார்த்தது மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

போனில் பார்த்தால் போதாதா, பின்டரெஸ்டில் லட்சம் டிசைன் கிடக்கிறதே என்பார்கள். கிடக்கட்டும். அது முடிந்த துணியின் முகம். நமக்கு வேண்டியது முதுகு. துணியின் பின்பக்கம், கனம், நூல் தீர்ந்தால் முடிச்சு எங்கே போடுகிறார்கள், எந்த இடத்தில் நெய்பவர் பெருமூச்சு விடுகிறார், இதெல்லாம் போனில் வராது.

ஆனால் ஒரு சங்கடமான விஷயத்தைப் பேசியே ஆக வேண்டும். படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு அந்தப் பெரியவர் சொன்னது:

"எடுத்துக்கங்க கண்ணு. போன வருசமும் ஒரு வேன் நெறையா வந்தாங்க. நெறையா எடுத்தாங்க. அப்பறம் என்ன பண்ணுனாங்கன்னு ஒருத்தரும் வந்து சொல்லலீங்க."

யோசித்துப் பாருங்கள். 'இன்ஸ்பிரேஷன்' என்று நாம் சுலபமாகச் சொல்லும் வார்த்தைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். கைத்தறிக்கு மட்டும் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட 11 வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்படியிருந்தும் வெளிமாநில விசைத்தறி விரிப்புகள் பவானியின் பெயரில் விற்கின்றன என்று அங்குள்ள நெசவாளர்கள் பல ஆண்டுகளாகப் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாம் எடுக்கும் போட்டோ நாளைக்கு யாருடைய பிரிண்டிங் டேபிளில் போய் நிற்கும்? நாமே வேலைக்குச் சேரும் கம்பெனியின் டேபிளாகக்கூட இருக்கலாம். பார்த்ததைத் திருடுவதற்குப் பயிற்சி கொடுக்கும் பயணமென்றால் அதற்கு மில் டூரே மேல்.

அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. கேட்காமல் படமெடுப்பதில்லை. பார்த்ததிலிருந்து எதைச் செய்தாலும் அதைத் திரும்ப எடுத்துப்போய்க் காட்டுவது. சாம்பிள் ஆல்பத்தில் துணிக்குக் கீழே எந்த ஊர், யார் தறி என்று எழுதுவது. ஏழு பேரும் காசு போட்டு ஒரு பொருளாவது அங்கே வாங்குவது. பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. விருந்துக்குப் போனால் வெறுங்கையோடு போகக் கூடாது என்று வீட்டில் சொல்வார்களே, அதுதான்.

இரண்டாவது முறை போனபோது அந்தப் பன்னிரண்டு சிவப்பு டிசைனை அவரிடம் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கலரு நல்லாருக்குதுங்க. ஆனா ஜமக்காளத்துல நடுவுல ஆளு உக்காந்துக்குவாங்க கண்ணு. ஓரந்தான் கண்ணுக்குத் தெரியும். நீங்க வேலையெல்லாம் கொண்டுபோயி நடுவுல வெச்சுருக்கீங்க." மூன்று வருஷம் டிசைன் பேப்பர் படித்த எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. டிசைன் ஓரத்துக்கு நகர்ந்தது.

எல்லாப் பயணமும் இப்படி இனிப்பாக இருக்காது. சென்னிமலைக்குப் போனோம். பெட்ஷீட் தறிகளைப் பார்த்துவிட்டு மத்தியானம் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குப் போனோம். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த அணை. வந்து சேர்ந்ததோ திருப்பூர்ச் சாயக் கழிவு. சுற்றுவட்டாரக் கிணறுகளும் வயல்களும் கெட்டு, விவசாயிகள் கோர்ட்டுக்கு அலைந்து, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை நமக்கெல்லாம் செய்தியாகத் தெரியும். அந்தக் கரையில் நின்று பார்ப்பது வேறு. அன்றைக்கு யாரும் எதையும் வரையவில்லை. அடுத்த வாரம் டையிங் லேபில், மிஞ்சிய சாயத்தைச் சிங்க்கில் கவிழ்க்கப் போன நண்பன் பாதியில் நின்று, "இது எங்கேடா போகும்?" என்று கேட்டான். லேபில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பச்சையும் நீலமும் தேர்ந்தெடுக்கிறவனுக்கு அவை கடைசியில் போய்ச் சேரும் இடமும் தெரிந்திருக்க வேண்டாமா?

கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையைப் பற்றிச் சுருக்கமாக. திங்கட்கிழமை ராத்திரி போய் ஓரமாக நின்று, வெளியூர் வியாபாரிகள் எந்தத் துண்டைத் தொட்டுவிட்டுக் கீழே போடுகிறார்கள், எதைக் கசக்கிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். மார்க்கெட்டிங் பாடம் முடிந்தது.

கலைஞர்கள் துணியைத் தேடிப் போவது நாங்கள் கண்டுபிடித்த புதுமையும் அல்ல. ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தவர். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, அந்த ஓவியர்களுக்குக் கைகொடுத்தது அவர்களே செய்து விற்ற பாத்திக் துணிகள். ஓவியர் வேறு, துணிக்காரர் வேறு என்ற பாகுபாடு நம் சிலபஸில்தான் இருக்கிறது.

'ஊர் சுத்தறதுக்கு ஒரு பேரு' என்று கிண்டல் வரும். வரட்டும், ஊர் சுற்றத்தான் போகிறோம். பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று நிர்வாகம் கேட்பது நியாயமான கேள்வி. குழுவுக்கு ஒரு ஆசிரியர் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான். 50 பேரை மேய்ப்பதைவிட ஏழெட்டுப் பேரோடு போவது அவருக்கும் நிம்மதி. செலவென்று பார்த்தால், எங்களுக்கு டீ, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 150 ரூபாயைத் தாண்டியதில்லை. டூருக்குக் கட்டும் பணத்தில் எத்தனை மாதம் போகலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மாணவர் பேரவையிடம் நாம் கேட்பது இரண்டே விஷயம். டூருக்குப் பேரவை தரும் பங்கை இந்த ஒருநாள் பயணங்களுக்கு மாற்றிக் கொடுங்கள். ஆண்டு விழாவில் மில் வாசல் குரூப் போட்டோ மாட்டும் சுவரில் எங்கள் நோட்டுப் பக்கங்களையும் சாம்பிள்களையும் மாட்ட இடம் கொடுங்கள். திறப்பு விழாவுக்குப் பவானிப் பெரியவரைக் கூப்பிட்டிருக்கிறோம். பாவு முடிந்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பட்ஜெட் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். டூர் கட்சிக்காரர்களும் தவறாமல் வாருங்கள், டீ நம் செலவு.