அட்டை வரும்வரை அடுப்படியா?

தோழனே!

நங்கநல்லூரில் சென்ற கிழமை கூட்டம். பேசி முடித்துப் பழவந்தாங்கல் நிலையம் நோக்கி நடந்தவனை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைப்பற்றி இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். மீனம்பாக்கத்து விமானம் தலைக்குமேல் இரைந்தால் பேச்சை நிறுத்தி, அது மறைந்தபின் தொடர்வது அவ்வூராரின் பழக்கம். அன்று விமானம் மறைந்த பின்னரும் பெரியவர் நெடுநேரம் பேசவில்லை.

"மகளுக்கு வேலை போய்விட்டது, தம்பி."

"ஏன் ஐயா, என்ன பிழை செய்தார்?"

"பிழையா? அட்டை காலாவதியாகிவிட்டது. புதியது வரும்வரை அலுவலக வாயிற்படியை மிதிக்கக் கூடாதாம்!"

நாடகத்தில் நான் இப்படி எழுதினால், மிகை என்று நீ நகைப்பாய். நடப்பதோ இதுதான். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரிவோரின் வாழ்க்கைத் துணைக்குக் கிடைப்பது எச்-4 விசா. அந்நாட்டில் வாழலாம், உழைக்கலாகாது! அந்த விலங்கு சற்றே தளர்ந்தது 2015 மே 26 அன்று. கிரீன் கார்டு வரிசையில் கணவன் குறிப்பிட்ட படியை எட்டியிருந்தால், மனைவிக்குப் பணி அனுமதி அட்டை உண்டு என்றாயிற்று. 2017 இறுதிவரை அதை முதன்முறை பெற்றோர் ஏறத்தாழ 91,000 பேர். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் பெண்கள். நூற்றுக்கு 93 பேர் இந்தியர். எந்த நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பால், நம்மவர் நிற்கும் வரிசை ஆண்டுக்கணக்கில் நகர்வதில்லை. எனவே அட்டையை மீண்டும் மீண்டும் புதுப்பித்தாக வேண்டும்.

அங்கேதான் ஆமை நுழைகிறது. கணவனின் மனுவுக்கு முதலாளி கூடுதல் கட்டணம் கட்டினால், 15 வேலை நாட்களில் முடிவு. மனைவியின் அட்டைக்கோ அப்படியொரு சாளரமே இல்லை. இருவர் தாள்களையும் ஒருசேர அனுப்பினால் ஒருசேரப் பார்ப்போம் என்று, வழக்கொன்றின் பயனாய் 2023 சனவரியில் உடன்பாடு வந்தது. அதன் கட்டாயம் ஈராண்டே. 2025 சனவரியோடு முடிந்தது. பழைய அட்டை தானே நீளும் என்ற சலுகை இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்போர்க்கு அதுவும் பறிக்கப்பட்டது!

"விரைவுபடுத்துங்கள்" என்று மன்றாடலாமே என்பாய். மன்றாடலாம். கடும் பணநட்டம், அவசர மனிதநேயக் காரணம் என்று சான்று காட்ட வேண்டும். ஆனால் விதியேட்டில் ஒரு வரி உண்டு: வேலை செய்ய அனுமதி தேவை என்பது மட்டும் அவசரம் ஆகாதாம்! பணி அனுமதி கேட்டு நிற்பவளிடம், பணி அனுமதியின் தேவை போதிய காரணமன்று என்கிறார்கள். கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கு இந்த வாதம் விளங்கவில்லை. பட்டம் பெற்றவர் எவரேனும் விளக்கட்டும்.

தங்கள் நாட்டில் யார் நுழைகிறார் என்று சோதிப்பது அவர்கள் உரிமைதானே என்பார் சிலர். ஆம், உரிமைதான். சோதிக்கட்டும்! ஆனால் முன்பே சோதித்து, ஆண்டுக்கணக்கில் வரி வாங்கி, வேலைக்கும் விட்டவரை, தங்கள் மேசையில் தாள் தேங்கியதற்காக வீட்டில் உட்கார வைப்பது சோதனையா, தண்டனையா? இந்த அட்டை விதி செல்லாது என்று தொடுத்த வழக்கும் 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. சட்டம் தந்ததைக் கடிகாரம் பறிக்கலாகாது என்பதே நம் வாதம்.

நம் பங்கும் இதில் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்ட நாம், படித்த நம் பெண் அங்கே எந்த ஆண்டு வேலைக்குப் போகலாம் என்று கேட்டோமா? வளைகாப்புக்குத் தேதி குறித்தோமேயன்றி, அட்டைக்குத் தேதி கேட்கவில்லை!

பெரியவரிடம் சொல்லிவந்தேன்: மகள் வாழும் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில், ஒப்புதல் கையெழுத்திட்டு, தம் விண்ணப்பம் பற்றி விசாரிக்கக் கேட்கட்டும், வாக்குரிமை இல்லாவிட்டாலும் கேட்கலாம். நிறுவனத்திடம் இழப்பைக் காட்டும் கடிதமும் வாங்கட்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒன்று சொல்வேன். வாஷிங்டனோடு வணிகம் பேசும் மேசையில் வரியும் பருப்பும் பாதாமும் இடம்பெறும்போது, கணவன் தாளோடு மனைவி தாளையும் ஒருசேர முடிக்கும் அந்த 2023 ஏற்பாட்டை நிலையாக்கும்படி ஏன் கேட்கவில்லை என்று, வரும் கூட்டத்தொடரிலேயே வெளியுறவு அமைச்சரிடம் வினா எழுப்புங்கள்.