கடைமடைக்கும் எட்டும் சந்தோஷம்

கடன் தீரட்டும், மகளுக்கு விவாகம் முடியட்டும், பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்கட்டும், அதன் பிறகு சந்தோஷமாக இருக்கலாம் என்று நம்மவரில் பலர் வாழ்நாள் முழுவதும் தவணை கேட்டு வருகிறார்கள். ஒரு கவலை தீருமுன் மற்றொன்று வந்து நிற்பதால் அந்தத் தவணை முடிவதேயில்லை. நெல்லைப் போலவே சந்தோஷமும் பாடுபட்டு விளைவிக்க வேண்டியதொரு பயிர் என்பதே நமது அபிப்பிராயம்.

இதற்குத் தஞ்சைச் சீமையின் ஜனங்களே சாக்ஷி. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2020-இல்தான் வழக்கம் மீண்டது. அந்த வறண்ட ஆண்டுகளிலும் ஆடிப் பதினெட்டு நின்றுவிடவில்லை. ஆற்றில் மணல் மட்டுமே இருந்த இடங்களில் குழாய் நீரை வைத்துப் பூஜை செய்தார்கள். பெண்கள் காதோலை கருகமணி படைத்து, மஞ்சள் கயிறு அணிந்தார்கள். குடும்பத்தார் கூடியிருந்து சித்திரான்னம் உண்டார்கள். வெள்ளம் வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று ஒருவரும் தவணை சொல்லவில்லை. இவற்றுக்கு ஆகும் செலவும் சொற்பமே.

இதைக் கேட்டவுடன், "ஆகையால் ஏழைகள் உள்ளதைக் கொண்டு திருப்தியடைய வேண்டும்" என்று உபதேசிக்கச் சிலர் முன்வரக்கூடும். அதற்கு நாம் உடன்படோம். விமரிசையான கலியாணங்களும் விடிய விடியக் கச்சேரிகளும் நடந்த இதே சீமையில்தான் பண்ணையாட்கள் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாகப் பெற்றார்கள். அவர்களைக் காக்க 1952-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. அதன் பின்னும், நெற்கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அயலான் வயிறெரிய ஒருவன் அனுபவிப்பதைச் சுகபோகம் என்னலாம். சந்தோஷம் என்று சொல்ல நமக்கு நாக் கூசுகிறது.

மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வரவே சில நாட்களாகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கால்வாய்கள், வாய்க்கால்கள் என்று பிரிந்து அது கடைமடைக்குச் செல்ல வேண்டும். தலைமடைக்காரன் தன் மடையை இஷ்டம்போல் திறந்துவிட்டால் கடைமடை காய்ந்துபோம். ஆகவே, கடைமடைக்கு எட்டினால்தான் நீர் வந்ததாக நம் விவசாயிகள் ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டிலுள்ள சந்தோஷத்தையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். யஜமானர் சிரிக்கும் வீட்டில் அடுப்படியில் இருப்பவள் சிரிக்கிறாளா? களத்துமேட்டில் நிற்பவனுக்கு அதில் பங்குண்டா?

செய்ய வேண்டியவை எளியவை. பகலில் எங்கு அலைந்தாலும் இரவில் ஒரு வேளையேனும் வீட்டார் அனைவரும், சமைத்தவள் உட்பட, ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணலாம். கூலியை அன்று மாலையே கணக்குத் தீர்த்துக் கொடுக்கலாம். ஆடிப் பதினெட்டன்று கட்டும் சோற்றில் ஒரு பங்கை, அன்றுவரை நாம் கால் வைக்காத தெருவிலுள்ளவர்களோடு கரையில் அமர்ந்து பகிர்ந்து கொள்ளலாம். பொறாமை என்னும் களையை முளையிலேயே பறித்துவிடலாம்.

2018 பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நம் மாகாணத்திற்கு ஆண்டொன்றுக்கு 177.25 டி.எம்.சி. நீர் என்று தீர்ப்பளித்தது. அந்த நீரைக் கொண்டுவர வேண்டியது சர்க்காரின் கடமை. அதை வற்புறுத்திக் கேட்பது குடிகளின் உரிமை. ஆனால், வந்த நீருக்கு வரப்புக் கட்டவும், அடுத்த வயலுக்கு மடை திறந்துவிடவும் எந்தக் கோர்ட்டும் டிக்கிரி கொடுக்க வேண்டியதில்லை. இன்று மாலையே அதைத் தொடங்கலாம்.