‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’: யார்? எதை? எத்தனை நாள்?

அன்ரிசர்வ்டு பெட்டி. மூணு பேர் உட்காரும் சீட்டில் ஏற்கெனவே நாலு பேர். அஞ்சாவதாக ஒருவர் வந்து, "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிறார். யாரும் எதுவும் பேசுவதில்லை. ஆளுக்கு ரெண்டு இன்ச் நகர்கிறார்கள். இடம் வந்துவிடுகிறது.

‘அட்ஜஸ்ட்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையின் வேரில் இருப்பது, ‘அருகில்’ எனப் பொருள்படும் ஒரு லத்தீன் சொல். அந்தக் கணக்கில் பார்த்தால், நெருங்கி உட்காரச் சொல்லும் நம்ம ஊர் அர்த்தம் ரொம்பவே பொருத்தம்!

இங்கிலீஷில் கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்வார்கள், வால்யூமை அட்ஜஸ்ட் செய்வார்கள். புது ஊருக்குப் பழகுவதையும் அப்படிச் சொல்வதுண்டு. எப்படியும் எதை, எதற்கு என்பது கூடவே வரும். நாம் அதைச் சொல்வதே இல்லை. போதாக்குறைக்கு ‘பண்ணிக்கோ’ வேறு. ‘பண்ணு’ என்றால் வேலை. ‘பண்ணிக்கோ’ என்றால் உன் பாடு. ‘பொறுத்துக்கோ’, ‘பார்த்துக்கோ’ மாதிரிதான். ‘கொள்’ வந்து ஒட்டியதும் பொறுப்பு மொத்தமும் எதிராளி தலையில்.

வாடகை பாக்கியை "அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றால் கழித்துக்கொள்வது. தேர்தல் நேரத்தில் ‘சீட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்றால் தொகுதிப் பங்கீடு. "அவங்களுக்குள்ள அட்ஜஸ்ட்மென்ட்" என்றால் ரகசியக் கூட்டு. இதிலெல்லாம் குறைந்தது ரெண்டு தரப்பும் ஏதோ விட்டுக்கொடுக்கிறது.

வீட்டுக்குள் வந்தால் கதை மாறுகிறது. "போற இடத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று மகளுக்குச் சொல்லாத கல்யாண வீடு அபூர்வம். மருமகள் வரப்போகிறாள் என்பதற்காக மகனிடம் யாராவது இதைச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

இதன் மோசமான அர்த்தம் சினிமாவில் இருக்கிறது. கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்ட்டில் வெளியானது. மலையாள சினிமாவில் இருக்கும் பெண்களுக்கு நன்கு பழகிப்போன ரெண்டு வார்த்தைகளாக அது குறிப்பிடுவது ‘காம்ப்ரமைஸ்’, ‘அட்ஜஸ்ட்மென்ட்’. வாய்ப்பு வேண்டுமா, படுக்கைக்கு வா என்பதுதான் அதற்கு அர்த்தம். கோலிவுட்டிலும் இந்த வார்த்தை யாருக்கும் புதுசில்லை. அப்படியே சொன்னால் அது குற்றம் என்று கேட்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று சொன்னால், மறுக்கிற பெண்தான் ‘ஒத்துழைக்காதவர்’ ஆகிறார். வார்த்தை செய்யும் வேலையே அதுதான்.

ரயிலில் நகர்ந்தவர்கள் எல்லோரும் நகர்ந்தார்கள். எவ்வளவு என்பதும், எந்த ஸ்டேஷன் வரைக்கும் என்பதும் தெரியும். என்னைக் கேட்டால், மற்ற இடங்களிலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தலையாட்ட வேண்டும்.

ஆபீஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். "இந்த சனிக்கிழமை மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தால், தம்ஸ்-அப் போடுவதற்கு முன்னால் ஒரு வரி டைப் பண்ணுங்கள்: "ஓகே சார், அதுக்குப் பதிலா எந்த நாள் லீவு எடுத்துக்கட்டும்?"