ஆயத்த ஒலியும் ஆக்கும் உள்ளமும்

பல இசைக்கருவிகள் ஒருங்கே ஒலிக்கும் தொகுதியை நம் முன்னோர் பல்லியம் என்றனர். மேனாட்டார் ஆர்க்கெஸ்ட்ரா என வழங்குவதும் அத்தகையதே. வயலின் வகையார் ஒருபால், குழல் வகையார் ஒருபால், பித்தளைக் கொம்பினர் ஒருபால், முழவினர் ஒருபாலாக எண்பது தொண்ணூறு பேர் அமர்ந்து, ஒருவரது கைக்கோலுக்கு இணங்கி வாசிப்பது அதன் இயல்பு. இத்துணைப் பெருங்கூட்டத்தை இன்று ஒரு மாணாக்கன் தன் அறையில், ஒரு கணிப்பொறியையும் ஆர்மோனியம் போன்ற சிறு கட்டைப் பலகையையும் கொண்டு அழைத்துவிடுகின்றான். அவன் அழைப்பது மாந்தரை அன்று; அவர் வாசித்த ஒலியின் பதிவுகளையே. 'சாம்பிள் லைப்ரரி' எனப்படும் இவ்வொலிக் களஞ்சியங்களும், அவற்றுள் 'பிரீசெட்' என்னும் பெயரால் முன்னரே சமைத்து வைக்கப்பட்ட ஆயத்த ஒலிகளும், இசை இயற்றுவோர்க்குத் துணையா, தளையா என்பது பலரும் வினவும் வினா. நம் கல்லூரியிலும் இசை இயற்ற முயலும் இளைஞர் பெருகி வருதலின், இதனை ஈண்டு ஆராய்தல் பொருத்தமென எண்ணுகின்றோம்.

களஞ்சியம் அமையும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். தேர்ந்த கலைஞர்களை ஒரு மண்டபத்தில் அமர்த்தி, ஒவ்வொரு கருவியின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வாசிக்கச் செய்து பதிவு செய்கின்றனர். மெல்லிதாக ஒருமுறை, உரத்து ஒருமுறை. வில்லை நீள இழுத்து ஒருமுறை, துள்ளவிட்டு ஒருமுறை, நரம்பை விரலால் தெறித்து ஒருமுறை என ஒரே சுரம் பல வகையாகப் பதிவாகும். அடுத்தடுத்து ஒரே சுரம் வருங்கால் இயந்திரம் தட்டுவதுபோல் ஒலியாமைப்பொருட்டு, ஒரே வகையையே பல தடவை வாசித்துச் சேர்ப்பதும் உண்டு. கட்டையை மெல்ல அழுத்தின் மெல்லிய பதிவும், வன்மையாக அழுத்தின் உரத்த பதிவும் எழும். 'பிரீசெட்' என்பது இவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, அளவாகக் கலந்து, மண்டபத்தின் எதிரொலியையும் கூட்டி, ஒரு பெயரிட்டு வைத்த கலவையாம். கட்டையில் விரல் வைத்த அளவில் பெருமுழக்கம் எழுந்துவிடும்.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. 1963-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 'மெல்லோட்ரான்' என்னும் கருவி வெளிவந்தது. அதன் ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒலி பதிந்த நாடா ஒன்று உண்டு. கட்டையை அழுத்தினால் அந்நாடா ஏறத்தாழ எட்டு நொடி ஓடி நின்றுவிடும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உருவான 'பேர்லைட்' என்னும் கணிப்பொறிக் கருவி, நாடாவின்றி எண்களாகவே ஒலியைச் சேமித்தது. 2000-இல் வியன்னா நகரில் செல்லோக் கலைஞர் ஹெர்ப் டுக்மாண்டல் என்பார் பல்லியம் முழுவதையும் சுரம் சுரமாகப் பதியும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 2019-இல் லண்டனிலுள்ள 'ஸ்பிட்பயர் ஆடியோ' நிறுவனத்தார் பி. பி. சி. சிம்பொனிப் பல்லியத்தையே களஞ்சியமாக்கினர். அதன் சிறு வடிவம் 2020-இல் விலையின்றிப் பெறவும் வழி பிறந்தது.

இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பார் நன்றி மறந்தவராவர். ஜோசப் ஹைடன் 1761 முதல் எஸ்டர்ஹாசிப் பிரபுக்களின் அரண்மனையில் ஊழியம் புரிந்தார். அங்கு அவர்க்கு வாய்த்த பெரும்பேறு யாது? காலையில் எழுதியதை மாலையில் வாசித்துக்காட்ட ஒரு பல்லியம் எப்பொழுதும் அருகில் இருந்ததே. நன்றாயின் வைத்துக்கொண்டார், தவறாயின் திருத்தினார். இப்பேறு எல்லார்க்கும் கிட்டவில்லை. பிரான்ஸ் ஷூபர்ட் 1828-இல் முப்பத்தோராம் வயதில் இறந்தார். அவர் இயற்றிய பெரிய ஸி மேஜர் சிம்பொனி 1839-இல்தான் லைப்சிக் நகரில் மெண்டெல்சன் நடத்த அரங்கேறியது. தாம் பெற்ற பிள்ளையின் குரலை அரங்கில் ஒருநாளும் கேளாத தந்தைபோல் அவர் மாய்ந்தார். நம் நாட்டின் நிலையோ இன்னும் அரிது. சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆப் இந்தியா என்னும் பல்லியம் பம்பாயில் நிறுவப்பட்டதே 2006-இல்தான். திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ இருந்து இசை இயற்றும் ஓர் இளைஞன், தான் எழுதியதை எண்பது பேர் வாசிக்கக் கேட்பது எங்ஙனம்? ஹைடனுக்குப் பிரபு அளித்ததை இவனுக்குக் களஞ்சியம் ஓரளவேனும் அளிக்கின்றது. இஃது எளியார்க்குத் திறந்த வாயிலேயாம்.

பிறர் செய்து வைத்த ஒலியைக் கையாளுதலே குற்றம் என்பாரும் உளர். இக்கூற்றை யாம் ஒப்புகிலேம். தேவாலயத்து ஆர்கனில் புல்லாங்குழல், எக்காளம் முதலிய பெயர் பொறித்த குமிழ்கள் வரிசையாக உள்ளன. குழாய்களைச் செய்தவன் ஒருவன்; வாசிப்பவன் மற்றொருவன். எனினும் பாக் முதலாய பேராசிரியர் பெருமை இதனாற் குறைந்திலது. ஏன்? எந்தக் குமிழை எதனோடு இழுப்பது, எந்த அடியில் அடைப்பது என்னும் தெரிவு வாசிப்போன்பாலதே. ஆகவே ஒலி ஆயத்தமாக இருத்தல் இழுக்கன்று. தெரிவும் ஆயத்தமாகி விடுதலே இழுக்கு. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நிலை.

தெரிவை இழந்தார்க்கு நேர்வது யாதெனக் காண்போம். 'பேர்லைட்' கருவியோடு வந்த ஒலிகளுள் ஒன்று பல்லியம் முழுதும் ஒருங்கே அதிரும் ஓர் அடி. ஸ்திராவின்ஸ்கி 1910-இல் அரங்கேற்றிய 'தீப்பறவை' என்னும் நாட்டிய இசையின் பதிவிலிருந்து அது வெட்டி எடுக்கப்பட்டது. அந்நாட்டியத்தில் அவ்வதிர்ச்சிக்கு ஓர் இடமும் காரணமும் உண்டு. வெட்டி எடுத்த துணுக்கோ 1982-இல் 'பிளானெட் ராக்' என்னும் பாடலில் புகுந்தது. பின்னர் அப்பத்தாண்டின் எண்ணற்ற பாடல்களில் ஒலித்தது. முதலிற் கையாண்டார்க்கு அது கண்டுபிடிப்பு; நூறாவதாகக் கையாண்டார்க்கு வெறும் பழக்கம். இன்றும் படக்காட்சிகளின் விளம்பரங்களில், துள்ளும் வில்லோசையும், மலை சரிவதுபோன்ற முழவும், உறுமும் கொம்புமாக ஒரே முழக்கத்தைக் கேட்டுக் கேட்டு நம் செவி சலித்திலதோ?

இனி, ஆயத்த ஒலி சொல்லாமற் சொல்லும் பொய்களும் உண்டு. புல்லாங்குழலின் கீழ்ச்சுரங்கள் இயல்பாக மெல்லியன. கணிப்பொறியில் அளவுக்கோலைச் சற்றே உயர்த்தினால், அவை மூன்று டிராம்போன்களுக்கு மேலாகவும் ஒலிக்கும். மேடையிலோ அக்குழலோசை கொம்போசையில் மூழ்கிவிடும். ஓபோ வாசிப்போர்க்கு மூச்சு வாங்க இடம் வேண்டும். பதிவுக்கு மூச்சு வேண்டுவதில்லை. கொம்பு வாசிப்போர் உதடு களைக்கும், கட்டை களைப்பதில்லை. களஞ்சியத்தை மட்டுமே ஆசானாகக் கொண்டவன் எழுதிய தாளை மெய்யான கலைஞர் முன் வைத்தால், அவர் வாசிக்கவியலாது திகைப்பர்.

அன்றியும், களஞ்சியத்தின் எல்லை அதைப் பதிவு செய்தோரின் கற்பனை எல்லையேயாம். 1913-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அரங்கேறிய 'வசந்தச் சடங்கு', பசூன் என்னும் ஆழ்ந்த குரலுடைய கருவியை அதன் உச்சியில் தனித்து வாசிக்கச் செய்து தொடங்குகின்றது. இஃது என்ன கருவியோ எனக் கேட்போர் மயங்கும் அவ்வொலி, வழக்கமான பசூன் ஒலியைத் தேடிச் செல்வோன் கைக்கு எட்டாதது. ராவெல் 1928-இல் இயற்றிய 'பொலேரோ'வில் ஓரிடத்தில் கொம்பு ஒரு மெட்டை வாசிக்க, இரு சிறு குழல்கள் அதே மெட்டை வெவ்வேறு சுருதிகளில் உடன் வாசிக்கின்றன. மூன்றும் பிணங்காமல் ஆர்கனை ஒத்த புதியதொரு நிறமாகக் கலக்கின்றன. வயலின் முதல் செல்லோ ஈறாக அனைத்தையும் ஒரே கட்டைப் பலகையிற் பரப்பி, 'நரம்புக் கருவிகள்' என ஒரே பெயரிட்டுத் தரும் ஆயத்தக் கலவையில் பழகியவனுக்கு இத்தகைய எண்ணம் எங்ஙனம் உதிக்கும்? இன்ன சுரத்தை யார் வாசிக்கின்றார் என்பதையே அவன் அறியானன்றோ?

தமிழ் கற்கும் நமக்கு இஃது புதிய செய்தியன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளை நம் முன்னோர் இளமையிலேயே மனனம் செய்தனர். யானைக்கும் மலைக்கும் கடலுக்கும் எத்துணைப் பெயர் வேண்டினும் அங்கே கிடைக்கும். நிகண்டு கல்லாத புலவன் சொல்லுக்கு வறியவனாவான். ஆயின் நிகண்டு கற்றார் அனைவரும் கவிஞராயினரோ? நுதலென்றால் பிறை, பல்லென்றால் முத்து, இடையென்றால் கொடி என எடுத்து அடுக்கிய செய்யுட்கள் கணக்கின்றிப் பிறந்தன; பிறந்த அன்றே இறந்தன. சொல் ஆயத்தமாயிருந்தது குற்றமன்று. உவமையைத் தேடும் உழைப்பை நிகண்டினிடம் ஒப்படைத்ததே குற்றம்.

வாசிப்போர் பொருட்டும் ஒன்று கூறவேண்டும். 1982-இல் பிரித்தானிய இசைவாணர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளையினர், பிறகருவிகளின் ஒலியைப் போலச் செய்யும் சிந்தசைசர் முதலியவற்றைத் தடுக்கவேண்டுமெனத் தீர்மானம் செய்தனர். சங்கம் முழுவதும் அதனை ஏற்கவில்லை. ஏற்றிருப்பினும் காலவெள்ளத்தைத் தடுத்திருத்தல் அரிது. எனினும் அவரது அச்சம் வீண் அச்சமன்று. ஒரு பதிவுக்கு ஒரே முறை ஊதியம் பெற்ற கலைஞனது ஒலி, ஆயிரம் இடங்களில் வேறு கலைஞர்க்குரிய இருக்கையை நிரப்பவல்லது.

அவ்விருக்கை நம்மிடையேயும் உளது. கிறிஸ்து பிறப்பு ஆராதனையிலும் ஆண்டு விழாவிலும் பாடற்குழுவின் பின்னே ஆயத்தப் பல்லிய ஒலியை முழங்கவிடும் வழக்கம் கல்லூரிகளிற் பரவி வருகின்றது. கேட்பதற்கு அது பெரிதாகவே உளது. ஆனால் வயலின் பயின்ற மாணாக்கியரும் குழல் பயின்ற மாணாக்கரும் கேட்போர் வரிசையில் வாளா அமர்ந்திருக்கின்றனர். நால்வர் வாசிக்கும் இசையில் சிறு பிழை நேரலாம்; ஆயினும் அந்நால்வர் அடுத்த ஆண்டில் நன்கு வாசிப்பர். இயந்திரம் முழங்கிய இடத்தில் அடுத்த ஆண்டிலும் இயந்திரமே முழங்கும்.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டே. இசை இயற்றும் நண்பர், முதலில் மெட்டையும், அதனை எக்கருவி வாசிக்கும் என்பதையும் தாளில் எழுதி, அதன் பின்னரே களஞ்சியத்தைத் திறப்பாராக. நம் கல்லூரியில் இசையியற்றும் போட்டி நடைபெறின், எழுதிய தாளும் உடன் அளிக்கப்படுதல் வேண்டும். அதில் ஒரு பகுதியேனும் உயிருள்ள மாணாக்கர் வாசிப்பதாக அமைதல் வேண்டும். இவ்விரண்டும் செய்யின் களஞ்சியம் பயிற்சிக்கூடமாக நின்று பயன் தரும். செய்யாவிடின் அதுவே எசமானாகிவிடும்.

சவுல் அரசன் தன் வெண்கலச் சீராவையும் பட்டயத்தையும் இளைஞன் தாவீதுக்கு அணிவித்தான். அவை பழுதுடையன அல்ல, அரசனுக்கு உரியனவே. ஆயினும் தாவீது தனக்கு அவற்றிற் பழக்கமில்லை எனக் களைந்துவிட்டு, ஓடையிற் குனிந்து தன் கைக்கு ஏற்ற ஐந்து கூழாங்கற்களைத் தானே தெரிந்தெடுத்துச் சென்றான். நம் இளம் இசைப்புலவரும் அவ்வாறே தம் கல்லைத் தாமே தெரிந்தெடுப்பாராக.